பிறந்த தேதிக்கு ஒரு ரூன்: ஹகலாஸ் உண்மையில் என்ன சொல்கிறது

நவம்பர் 5 என் அக்கா மகளின் பிறந்தநாள். நார்வேயில் பெர்கன் நகரத்தில் முதுகலை படிக்கிறாள். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் போன பிறகு அவளுக்கு வந்த முதல் பிறந்தநாள் இது. விடுதித் தோழிகள் சேர்ந்து ஒரு வெள்ளிச் செயினும் டாலரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். டாலரில் ஒரு குறி: இரண்டு நேர்கோடுகள், நடுவில் சாய்வாக ஒரு கோடு. கூடவே ஒரு சின்ன அட்டை. அவளுடைய பிறப்பு ரூன் ஹகலாஸ் என்றும், அதன் பொருள் ஆலங்கட்டி, அழிவு, கட்டுக்கு அடங்காத சக்தி என்றும் அதில் அச்சடித்திருந்தது. கொடுத்தவர்கள் அன்போடுதான் கொடுத்தார்கள். இவள் ராத்திரி படுக்கப் போகும் முன் அதை இணையத்தில் தேடியிருக்கிறாள். இந்த ரூனில் பிறந்தவர்களின் வாழ்க்கை திடீர் திடீரென இடிந்து விழும், அவர்கள் போகும் இடத்திலெல்லாம் குழப்பம் கூடவே வரும் என்று ஏதோ ஒரு பக்கத்தில் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "மாமா, என் எழுத்துக்கே அழிவுன்னுதான் அர்த்தமாம்."

பல வருடங்களாக ரூன் எழுத்துகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். அன்று ராத்திரி அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் ரூன் டாலரும் ரூன் பச்சையும் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன, அதோடு வரும் பலனைப் படித்துவிட்டு மனசு கலங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில், பிறந்த தேதிக்கு ரூன் குறிக்கும் கணக்கு. வட ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்கள் மரத்திலும் எலும்பிலும் உலோகத்திலும் கல்லிலும் கீறி எழுதிய எழுத்துதான் ரூன். அதில் மிகப் பழைய வரிசை 24 எழுத்துகள் கொண்டது, அதை மூத்த ஃபுதார்க் என்கிறார்கள். ஃபுதார்க் என்பதே முதல் ஆறு எழுத்துகளின் ஒலியைக் கோத்து வைத்த பெயர். ஓர் ஆண்டை இந்த 24 எழுத்துக்கும் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினைந்து நாளும் சில மணி நேரமும் வரும். பரவலாகப் புழங்கும் கணக்கின்படி முதல் எழுத்தான ஃபெஹு ஜூன் 29-இல் தொடங்கி ஜூலை 14 வரை, அடுத்து ஊருஸ் ஜூலை 29 வரை, இப்படியே வரிசையாகப் போகும். ஒன்பதாவது எழுத்தான ஹகலாஸுக்கு அக்டோபர் 28 முதல் நவம்பர் 13 வரை. கடைசி எழுத்து தகாஸ் ஜூன் 14 முதல் 29 வரை வந்து வட்டம் முடிகிறது. நைஜல் பென்னிக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் இந்த அரைமாதக் கணக்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பிறந்த மணிக்கு ஒரு ரூன் என்று, நாளின் 24 மணி நேரத்துக்கும் எழுத்து பிரித்துத் தருகிறவர்களும் உண்டு.

இது யாரோ கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததில்லை, யோசித்துச் செய்திருக்கிறார்கள். தகாஸ் என்றால் பகல். வடக்கே பகல் மிக நீளமாக இருக்கும் ஜூன் 21 அந்த எழுத்துக்குள் விழுகிறது. அதிலிருந்து சரியாகப் பன்னிரண்டு எழுத்து தள்ளினால் வருவது யேரா, அதற்கு ஆண்டு என்று பொருள், ஆண்டு திரும்பும் டிசம்பர் 21 அதற்குள் விழுகிறது. ஒரு சக்கரத்தின் எதிரெதிர் ஆரங்கள் மாதிரி அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் யேராவுக்கு நல்ல விளைச்சல், அறுவடை என்ற பொருளும் உண்டு. டிசம்பர் நடுவில் பனி மூடிக் கிடக்கும் நார்வேயில் யார் அறுவடை செய்வார்கள்? இந்த எழுத்துகளைப் பயன்படுத்திய விவசாயிகள் காலண்டர் போட்டிருந்தால் அதை இலையுதிர் காலத்தில்தான் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வரிசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுவீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில், சுமார் கி.பி. 400-ஐ ஒட்டி, 24 எழுத்துகளையும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முழு வரிசையையும் காட்டும் மிகப் பழைய சான்று அதுதான். அதில் கடைசி எழுத்து ஓதலா, அதற்கு முன்னால்தான் தகாஸ். அதே சுவீடனின் வாட்ஸ்டேனாவில் கிடைத்த தங்க வில்லையிலோ எழுத்துகளை எட்டெட்டாக மூன்று குழுவாகப் பிரித்து, ஓதலாவுக்குப் பிறகு தகாஸ் என்று முடித்திருக்கிறார்கள். கில்வர் கல்லை நம்பினால் நீண்ட பகலுக்கும் தகாஸுக்கும் உள்ள பொருத்தம் அப்போதே உடைந்துவிடும். பெர்த்ரோவும் ஐவாஸும்கூட அந்தக் கல்லில் இடம் மாறியிருக்கின்றன. அதாவது டிசம்பர் 28 முதல் ஜனவரி 28 வரை பிறந்தவர்களும், மே 29 முதல் ஜூன் 29 வரை பிறந்தவர்களும் எந்தக் கல்லைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப வேறு வேறு ரூன்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

ஜாதகத்தோடு இதை ஒப்பிட நமக்குக் கை துறுதுறுக்கும். ஜாதகத்தில் பிறந்த நேரத்தில் சந்திரன் எங்கே நின்றான் என்று வானத்தைப் பார்த்துத்தான் நட்சத்திரம் குறிக்கிறார்கள், அந்த நட்சத்திரப் பாதத்துக்கு என்று பெயரின் முதல் எழுத்தும் உண்டு, அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்கிற மாதிரி. அங்கே எழுத்து குழந்தைக்குப் பெயர் வைக்கத்தான் வருகிறது. பிறப்பு ரூனில் சுவரில் தொங்கும் காலண்டர் தேதி மட்டும் போதும், எழுத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடும்.

சரி, அந்தக் காலத்து மனிதர்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? எழுதுவதற்கு. டென்மார்க்கில் விமோசா சதுப்பு நிலத்தில் ஒரு சீப்பு கிடைத்தது, கி.பி. 160 வாக்கில் செய்தது. அதில் 'ஹார்யா' என்று ஐந்து ரூன்கள், அனேகமாக ஓர் ஆளின் பெயர். நார்வேயில் ஸ்விங்கெருட் என்ற இடத்தில் கிடைத்த கல்லை 2023 ஜனவரியில் ஆஸ்லோ அருங்காட்சியகம் வெளி உலகுக்குக் காட்டியது. கி.பி. 1-க்கும் 250-க்கும் இடைப்பட்ட காலம், அதிலும் ஒரு பெயர்போலத் தோன்றும் சொல்தான். அப்புறம் பெர்கன். அங்கே துறைமுகத்தை ஒட்டிய ப்ரிக்கன் பகுதி 1955-இல் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த இடத்தைத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சுமார் 670 ரூன் எழுத்துப் பொறிப்புகள் வந்தன, பெரும்பாலும் சின்ன மரக் குச்சிகளில். இது இன்னாருடைய நூல் மூட்டை என்று சரக்கில் கட்டிய அடையாளம், வியாபாரக் கடிதம், பிரார்த்தனை, காதல், கெட்ட வார்த்தை, எல்லாம் இருந்தது. ரூன் என்றாலே மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த அறிஞர்களைக் கீழே இறக்கி, அது வாட்ஸ்அப் மாதிரி அன்றாட விஷயமாகவும் இருந்தது என்று காட்டியவை அந்தக் குச்சிகள்.

மந்திரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வடக்கத்தி மக்களின் பழைய நார்ஸ் மொழிப் பாடல்களில் ஓதின் என்ற தெய்வம் ஒன்பது இரவுகள் காற்றாடும் மரத்தில் தொங்கி, பட்டினி கிடந்து, கடைசியில் அலறிக்கொண்டே ரூன்களை எடுத்ததாக வருகிறது. எகில் என்ற கவிஞனைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதையில் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டில் பெண் ஒருத்தி நோயில் கிடக்கிறாள். அவள் படுக்கையின் அடியில் திமிங்கில எலும்பு ஒன்று இருப்பதை எகில் எடுத்துப் பார்க்கிறான். அவளைக் காதலித்த பையன் ஒருவன் மயக்க நினைத்து ரூன் கீறி, தப்பாகக் கீறிவிட்டான். எகில் அதைச் சுரண்டிச் சுரண்டல் தூளை நெருப்பில் போட்டு, வேறு ரூன் கீறித் தலையணைக்கடியில் வைத்ததும் பெண் எழுந்துவிடுகிறாள். சரியாகப் படிக்கத் தெரியாதவன் ரூன் கீறக்கூடாது என்று அப்போது ஒரு பாட்டும் பாடுகிறான். கி.பி. 98-இல் ரோமானியர் டாசிட்டஸ் எழுதிய குறிப்பும் இருக்கிறது: ஜெர்மானியர்கள் காய்க்கும் மரத்தின் கிளையைத் துண்டு துண்டாக வெட்டி, குறி போட்டு, வெள்ளைத் துணியில் சிதறவிட்டு, வானத்தைப் பார்த்து மூன்றை எடுத்துக் குறி சொல்வார்கள் என்கிறார். அந்தக் குறிகள் ரூன்தானா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றிலும் பாருங்கள், வெற்றி, நோய், காதல், ஒரு காரியம் நடக்குமா நடக்காதா, இவைதான் கேள்வி. நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஒருவரும் ரூனிடம் கேட்கவில்லை.

கேட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் பிறந்த தேதியைக் குறித்து வைக்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை. வயதைக் 'குளிர்காலம்' கொண்டு எண்ணினார்கள், பன்னிரண்டு குளிர்காலம் கண்ட பையன் என்பார்கள். ஆண்டு இரண்டு பாதி, கோடை ஒன்று, குளிர் ஒன்று. பிறந்த குழந்தை மேல் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பார்கள், இறந்துபோன தாத்தாவின் பெயரோ நெருங்கிய உறவின் பெயரோ. நம் ஊரில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நீ யார் என்ற கேள்விக்கு அங்கேயும் தாத்தா பெயர்தான் பதில்.

ரூனுக்கும் தேதிக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு, ஆனால் அது பிற்காலத்தில், கிறிஸ்தவம் வந்த பிறகு உண்டானது. சுவீடனில் ரூன் காலண்டர்க் கோல்கள் புழக்கத்தில் இருந்தன, நமக்குக் கிடைத்ததில் மிகப் பழையது நிஷோப்பிங்கில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கோல். 16 எழுத்தாகச் சுருங்கிவிட்ட பிற்கால வரிசையின் முதல் ஏழு ரூன்களை ஜனவரி 1-இலிருந்து மாற்றி மாற்றி ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டே போவார்கள், இந்த ஆண்டு ஞாயிறு எந்த ரூனில் விழுகிறது என்று தெரிந்தால் எல்லா ஞாயிறும் தெரிந்துவிடும். பௌர்ணமி 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிகளுக்குத் திரும்பும், அதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கு ஒன்றாக 19 குறிகள் வேண்டும், கைவசம் இருந்ததோ 16 எழுத்து, அதனால் புதிதாக மூன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பர் 5 ஆண்டின் 309-ஆவது நாள். ஏழு ஏழாகக் கழித்தால் மிச்சம் ஒன்று. ஆக, நிஜமான ரூன் காலண்டரில் அவள் பிறந்த தேதிக்கு எதிரே நிற்பது முதல் எழுத்து, செல்வத்தின் ரூன். அதை வைத்து ஒரு குடியானவர்கூட நவம்பர் 5-இல் பிறந்தவள் பணக்காரி ஆவாள் என்று சொன்னதில்லை, அது ஞாயிற்றுக்கிழமை எப்போது என்று பார்க்கும் குறி, அவ்வளவுதான்.

அப்படியானால் ஹகலாஸ் என்றால் இன்ன குணம், யேரா என்றால் இன்ன குணம் என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஒவ்வொரு ரூனுக்கும் ஒலியோடு ஒரு பெயரும் உண்டு, அந்தப் பெயர் ஒரு சாதாரணச் சொல்: மாடு, பனி, பிர்ச் மரம், மனிதன், பகல் என்று. (மூத்த ஃபுதார்க்கின் பெயர்களாக நாம் சொல்லும் ஃபெஹு, ஹகலாஸ் எல்லாமே மொழியியலாளர்கள் பிற்கால வடிவங்களிலிருந்து மீட்டுருவாக்கிய பெயர்கள், அந்த வடிவத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.) இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வசதியாக எழுத்துக்கு ஒரு செய்யுள் என்று இயற்றினார்கள். மூன்று பாடல்கள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் 29 எழுத்துக்கு ஒன்று, நார்வேயில் 16 எழுத்துக்கு ஒன்று, ஐஸ்லாந்தில் 16 எழுத்துக்கு ஒன்று. இன்றைக்கு எழுதப்படும் ரூன் பலன் எல்லாம் இந்த மூன்று பாடல்களிலிருந்து கிள்ளி எடுத்ததுதான்.

கிள்ளுவது எப்படி நடக்கிறது என்று ஈசாவை வைத்துப் பார்க்கலாம். ஈசா என்றால் உறைபனி. நார்வே பாடல், பனியை அகலமான பாலம் என்கிறோம், குருடனைக் கைபிடித்து நடத்த வேண்டும் என்கிறது. ஆறு உறைந்தால் அக்கரைக்கு நடந்து போகலாம், கண் தெரியாதவருக்கு அது ஆபத்து, அதனால் துணை வேண்டும். பனி என்றால் என்ன என்பதை வாழ்ந்து பார்த்தவர் சொன்ன வரி. பலன் எழுதுகிறவர் இதில் 'பனி' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுக்கிறார். பனி என்றால் குளிர், அசைவின்மை என்று முதலில் ஓர் உருவகம் ஆக்குகிறார். அப்புறம் அந்த உருவகத்தை மனிதர் மேல் போட்டு, நவம்பர் 28 முதல் டிசம்பர் 13 வரை பிறந்தவர்கள் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்கள், பொறுமைசாலிகள், தனிமை விரும்பிகள் என்கிறார். பாலமும் போயிற்று, கைபிடித்து நடத்துகிற ஆளும் போய்விட்டார்.

ஊருஸ் இன்னும் நல்ல உதாரணம். ஆங்கிலப் பாடலில் அது காட்டெருது, பெரிய கொம்போடு சதுப்பு நிலத்தில் திரியும் அச்சமில்லாத விலங்கு. ஐரோப்பாவின் அந்தக் காட்டெருது இனத்தில் கடைசி ஒன்று 1627-இல் போலந்தின் யாக்டோரூவ் காட்டில் செத்தது. ஆனால் நார்வே பாடலில் அதே எழுத்துக்கு மட்டமான இரும்பை உருக்கும்போது வரும் கசடு என்று பொருள். ஐஸ்லாந்துப் பாடலில் தூறல் மழை, வைக்கோலைக் கெடுத்து இடையனை வெறுப்பேற்றும் தூறல். ஒரே எழுத்து, மூன்று நாடு, மூன்று பொருள். ஜூலை பின்பாதியில் பிறந்தவர்களுக்கு எழுதும் பலனில் உடல்வலிமை, அடங்காத வீரம் என்றுதான் எப்போதும் இருக்கும், நீ இரும்புக் கசடு என்றோ வைக்கோல் நனைக்கும் தூறல் என்றோ எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

ஃபெஹு நமக்கு நெருக்கமானது. அந்தச் சொல்லுக்கு மாடு என்றும் பொருள், செல்வம் என்றும் பொருள். பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கும் அதே இரண்டு பொருளும் உண்டு. மாட்டைச் செல்வமாக எண்ணிய மக்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் சொல் இப்படித்தான் விரியும்போல. ஃபெஹுவில் பிறந்தவர்கள் சம்பாதிப்பார்கள், அதிர்ஷ்டசாலிகள் என்று பலன் சொல்கிறது. நார்வே பாடலும் ஐஸ்லாந்துப் பாடலும் எடுத்த எடுப்பில் என்ன சொல்கின்றன தெரியுமா? செல்வம் உறவுக்குள் சண்டை மூட்டும் என்கின்றன. ஆங்கிலப் பாடல் கொஞ்சம் இதமாக, செல்வம் எல்லாருக்கும் ஆறுதல்தான், ஆனால் ஆண்டவன் முன்னால் நல்ல பேர் வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த வரிகளின் எடை புரியும்.

அல்கிஸ் என்ற எழுத்தைப் பாதுகாப்பின் சின்னம் என்று எல்லாரும் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலப் பாடலில் அது சதுப்பில் வளரும் ஒரு கோரைப்புல், பிடித்தவன் கையை அறுத்து ரத்தம் வரவைக்கும் புல். பெர்த்ரோ? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எந்த அறிஞராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாடலில் வீரர்கள் பீர் மண்டபத்தில் கூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் விளையாட்டும் சிரிப்புமாக இருப்பது எதுவோ அது என்று மட்டும் இருக்கிறது, நடுவில் ஒரு சொல் விடுபட்டும் போயிருக்கிறது. பகடைக் குடுவையாக இருக்கலாம், சதுரங்கக் காய் மாதிரி ஏதாவது இருக்கலாம். இவ்வளவு தெளிவில்லாத எழுத்தை வைத்துக்கொண்டு, ஜனவரி 13 முதல் 28 வரை பிறந்தவர்கள் மர்மமானவர்கள், ரகசியம் காப்பவர்கள், விதியின் பிள்ளைகள் என்று உறுதியாக எழுதுகிறார்கள். பொருள் தெரியாத எழுத்துக்கு 'மர்மம்' என்றே பொருள் கொடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்று. வைக்கிங் என்ற வடக்கத்திக் கடலோடிகளின் காலத்தில் எழுத்துகள் 24-இலிருந்து 16 ஆகச் சுருங்கிவிட்டன, அதனால் கெபோ, வுன்யோ, பெர்த்ரோ, ஏவாஸ், இங்வாஸ், ஓதலா, தகாஸ் ஆகிய ஏழும் வடக்கத்திப் பாடல்களில் இல்லை. அவற்றுக்கு ஆங்கிலப் பாடல் ஒன்றே கதி. அந்தப் பாடல் இருந்த கையெழுத்துப் பிரதி 1731-இல் லண்டனில் காட்டன் நூலகத்தில் பிடித்த தீயில் எரிந்தே போனது. ஜார்ஜ் ஹிக்ஸ் என்பவர் 1705-இல் அதை அச்சிட்டிருந்ததால் பாடல் பிழைத்தது. அவர் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் ஓதலாவைப் பற்றியோ தகாஸைப் பற்றியோ ஒரு வரிகூட நம்மிடம் இருந்திருக்காது.

பாடலிலிருந்து பலனுக்கு வந்த பாதை நேரானதில்லை, நடுவில் ஒரு இருட்டான கட்டம் இருக்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கீடோ ஃபொன் லிஸ்ட் 1902-இல் கண்புரை அறுவை செய்துகொண்டு பதினோரு மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அப்போது தனக்கு ரூன்களின் ரகசியம் வெளிப்பட்டதாகச் சொன்னார். அவர் சொன்ன 18 எழுத்து வரிசை எந்தக் கல்லிலும் கிடையாது, ஓதின் பாடலில் வரும் 18 மந்திரங்களுக்கு ஈடாக அவரே அமைத்தது. ரூன் ஒவ்வொன்றும் ஓர் ஆழ்ந்த தத்துவத்தின் சின்னம், மனிதனின் உள்ளே இருக்கும் சக்தியின் குறி என்ற எண்ணத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அதோடு இன வெறியையும் சேர்த்தே பரப்பினார். அதை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். இரட்டை ரூன் எஸ்.எஸ். படையின் சின்னமானது. பிறப்புச் செய்தியில் தேதிக்கு முன்னால் 'உயிர் ரூன்', இறப்புத் தேதிக்கு அதையே தலைகீழாகத் திருப்பி 'சாவு ரூன்' என்று போட்டார்கள். பிறந்த தேதியோடு ரூனைச் சேர்த்து எழுதிய வழக்கம் என்று பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. எஸ்.எஸ். ரூனைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி இன்றும் குற்றம். ஓதலாவையும் ஒரு எஸ்.எஸ். படைப்பிரிவு அணிந்தது, இன்றைய நவநாஜிக் கூட்டங்களும் அணிகின்றன. ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள் ஆசையாக அதைப் பச்சை குத்திக்கொள்ளும் முன், ஐரோப்பாவில் எதிரே வருகிறவர் அதை எப்படிப் படிப்பார் என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

போருக்குப் பிறகு இந்த வாடையை நீக்கி ரூனை மென்மையான சுய அறிதல் கருவியாக மாற்றியதில் 1982-இல் அமெரிக்கர் ரால்ஃப் ப்ளம் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெரிய பங்கு. எழுத்தே இல்லாத வெற்று ரூன் ஒன்றை 25-ஆவதாகச் சேர்த்தவரும் அவர்தான், இன்று கடையில் வாங்கும் ரூன் பையில் அது இருக்கும். அரைமாதக் கணக்கில் அதற்கு இடமே இல்லை, வெற்று ரூனில் யாரும் பிறக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் கேட்பார்கள், எனக்குச் சொன்ன பலன் அப்படியே பொருந்துகிறதே என்று. பொருந்தும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, தனித்தனியாகக் குண அறிக்கை கொடுப்பதாகச் சொல்லி எல்லாருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்த வாக்கியங்கள்: சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள் என்கிற மாதிரி. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. இதில் மாணவர்களின் முட்டாள்தனம் எதுவும் இல்லை. தன்னைப் பற்றி ஒருவர் சொல்கிறார் என்றால் மனசு தானாகவே தன் வாழ்க்கையிலிருந்து ஆதாரம் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். நல்ல பலனுக்கு அது ஆறுதல். ஆனால் ஹகலாஸ் மாதிரி ஒரு எழுத்து கையில் விழுந்தால் அதே மனசு தேர்வில் குறைந்த மார்க்கையும், தொலைந்த பர்ஸையும், பேசாமல் போன தோழியையும் ஒரே நூலில் கோத்து, பார், அழிவு என்று காட்டும். பெர்கனில் நவம்பரில் மழைக்கும் இருட்டுக்கும் நடுவே தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது தேவையில்லாத பாரம். எனக்கு வந்த கோபம் அதனால்தான்.

ஹகலாஸுக்கு மூன்று பாடல்களும் என்ன சொல்கின்றன என்று அவளுக்குப் போனிலேயே சொன்னேன். நார்வே பாடல்: ஆலங்கட்டி, தானியங்களில் மிகக் குளிர்ந்தது. ஐஸ்லாந்துப் பாடல்: குளிர்ந்த தானியம், பனிச்சாரல், பாம்புகளின் நோய். ஆங்கிலப் பாடல்: தானியங்களில் மிக வெண்மையானது, வானத்தின் உச்சியிலிருந்து சுழன்று வருகிறது, காற்று அதை உருட்டுகிறது, அப்புறம் தண்ணீராகிவிடுகிறது. ஊருஸுக்கு ஆளுக்கொரு பொருள் சொன்ன அதே மூன்று நாடும் இங்கே ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன, தானியம். ஆலங்கட்டி மழை விளைந்த பயிரை நாசமாக்கும் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவர்கள் அதைப் பார்த்தபோது கண்ணில் பட்டது வெள்ளை வெளேரென்று வாசலில் சிதறிக் கிடக்கும் மணிகள். அழிவு என்ற சொல் மூன்றில் ஒன்றிலும் இல்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பாதி வரி, அப்புறம் தண்ணீராகிவிடுகிறது. எதையும் தத்துவமாக்காமல், கையில் எடுத்துப் பார்த்தவர் பார்த்ததைச் சொன்ன மாதிரி இருக்கிறது. ரூனைக் கழுத்தில் போடுவதற்கு நான் எதிரி கிடையாது. போடுகிறவர்கள் அட்டையில் உள்ள பலனைத் தள்ளி வைத்துவிட்டு அந்த எழுத்துக்கான செய்யுளைத் தேடிப் படித்தால் போதும், இரண்டு மூன்று வரிதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தானியமா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் ப்ரிக்கன் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னேன், அவள் விடுதியிலிருந்து பக்கம்தான், ரூன் குச்சிகள் அங்கே இருக்கின்றன. டாலரில் இருக்கும் வடிவத்தைத் தேடாதே, அது பழைய வடிவம், வைக்கிங் காலத்திலேயே அந்த எழுத்து ஆறு முனை நட்சத்திரம் மாதிரி ஆகிவிட்டது என்றேன். உன் போனிலேயே இருக்கிறது என்றும் சொன்னேன். ப்ளூடூத் சின்னம், டென்மார்க் மன்னர் ஹரால்டு ப்ளோத்தானுடைய பெயரின் இரண்டு முதல் எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து வரைந்தது. அதில் 'ஹ' அவளுடைய ஹகலாஸ்தான், பிற்காலப் பெயர் ஹகல், 'ப' பிர்ச் மர ரூன்.

ப்ரிக்கன் குச்சிகளில் ரொம்பப் பேர்பெற்ற ஒன்றைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். மதுக்கடையில் உட்கார்ந்திருந்த யாருக்கோ வீட்டிலிருந்து வந்த செய்தி அது என்று பலர் நினைக்கிறார்கள். 'நீ வீட்டுக்குப் போகணும்னு கீதா சொல்றா' என்பதுதான் வாசகம். நம் ஊர் கீதா இல்லை, கூ-தா என்பதற்கும் கீ-தா என்பதற்கும் நடுவில் ஒலிக்கும் நார்வேப் பெண் பெயர், தமிழில் எழுதும்போது இப்படி வந்து விழுகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல் 'ஹைம்', வீட்டுக்கு. அதன் முதல் எழுத்து ஹகல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. பழுப்பேறிய குச்சிகள், கண்ணாடிக்குள் வரிசையாக. ஒன்றில் ஒரு சின்ன நட்சத்திரக் கீறலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். கீழே, "மாமா, இது தானே? அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்க, கிறிஸ்துமஸ் லீவுக்கு டிக்கெட் பார்த்துட்டிருக்கேன்."